தோசைக்கல்லுக்கு ஒன்றுவிட்ட தம்பி

மெக்சிகோ நகரின் பழைய மையப் பகுதியில், வழிகாட்டியோடு தின்றுகொண்டே நடக்கும் உலாவுக்கு வெறும் வயிற்றோடு போவதே புத்திசாலித்தனம். நடப்பதைவிடக் கடை வாசலில் நிற்பதுதான் அதிகம்.

நடைபாதையில் ஓர் அம்மாள் நீல மக்காச்சோள மாவுக்குள் பீன்ஸ் விழுதை அடைத்து, நீள்வட்டமாகத் தட்டி, கோமாலில் போடுகிறார். தோசைக்கல்லுக்கு ஒன்றுவிட்ட தம்பி அது. வெந்ததும் மேலே சப்பாத்திக்கள்ளித் துண்டுகள், பாலாடைக்கட்டி. பெயர் த்லகோயோ. இந்த மாவின் கதையைச் சொல்லும்போதுதான் வழிகாட்டியின் அருமை தெரியும். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறப்போட்டால் தோல் கழலும், மாவு ஒட்டும், நியாசின் சத்து உடம்பில் சேரும். சோளத்தை மட்டும் கொண்டுபோய், இந்தப் பக்குவத்தை விட்டுவிட்ட ஐரோப்பாவில் ஏழைகள் நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோயில் அவதிப்பட்டார்கள்.

அடுத்தது மக்காச்சோள ரொட்டியில் இறைச்சி வைத்து மடிக்கும் தாக்கோ அல் பாஸ்தோர். லெபனானிலிருந்து குடியேறியவர்களின் ஷவர்மா, இங்கே பன்றி இறைச்சியாகி, மிளகாய் மசாலா பூசிக்கொண்டு சுழல்கிறது. உச்சியில் அன்னாசி.

பச்சை சல்சா என்ற சட்னியைச் சாது என்று நம்பி ஊற்றாதீர்கள். மிளகாய்க்குத் தாய்வீடே இந்த நாடுதான்!

2024-இல் மிஷெலின் நட்சத்திரம் பெற்ற ‘எல் கலீஃபா தே லெயோன்’ ஒரு சின்னத் தாக்கோ கடை. நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும்.

மாலையில் தெருக்கோடியில் நீளமாக ஒரு விசில் கேட்கும். ரயில் அல்ல; சர்க்கரைவள்ளிக்கிழங்கு வண்டியின் நீராவி.