இசைத்தட்டு உறையில் நகையும் பெருமிதமும்

இசைத்தட்டின் உறை வணிகர் விரிக்கும் வலை என்றும், பதின்பருவத்தார் அதன் வண்ணத்தில் மயங்கி வீழ்வர் என்றும் கூறுவாருளர். உறை விற்பனைக் கருவி என்பதில் ஐயமில்லை. 1940-இல் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனத்தில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் ஓவிய உறையைப் புகுத்தியதும் விற்பனை கருதியே. ஆயினும், இளையோரைக் கவர்வது வண்ணமே எனக் கொள்ளுதல் பொருந்துமா என்பது ஆராய்தற்குரியது. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் 1963-ஆம் ஆண்டில் வெளியிட்ட இரு தட்டுகளின் உறைகள் இதற்குத் தக்க சான்றாவன.

மார்ச்சுத் திங்களில் வெளிவந்தது 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ'. இலண்டன் இ.எம்.ஐ. மாளிகையின் மாடிப்படிக் கைப்பிடியில் சாய்ந்து நால்வரும் கீழ்நோக்கி முறுவலிக்க, ஆங்கஸ் மெக்பீன் எடுத்த வண்ணப்படம் அதன் முகப்பு. குழுவின் பெயர் பெரிய எழுத்தில் விளங்க, பாடல்களின் தொகையும் முகப்பிலேயே கூறப்பட்டுள்ளது.

நவம்பரில் வந்த 'வித் தி பீட்டில்ஸ்' இதற்கு மாறானது. ராபர்ட் ஃப்ரீமன் போர்ன்மத் நகர விடுதியொன்றில், பக்கச் சாளரத்தின் ஒளிகொண்டு எடுத்த கருப்பு வெள்ளைப் படம் அது. கரிய உடை இருளொடு கலக்க, நான்கு முகங்களும் பாதி ஒளியிலும் பாதி நிழலிலும் நிற்கின்றன. எவர் முகத்தும் நகையில்லை. ஆம்பர்க்கில் அஸ்ட்ரிட் கிர்ச்ஹெர் முன்னர் எடுத்த படங்களின் சாயலைக் குழுவினரே விரும்பினர். நிறுவனத்தாரோ நகையின்மை கண்டு தயங்கினர். எனினும், முதல் தட்டு முப்பது வாரம் வகித்த முதலிடத்தை இத்தட்டே பெற்றது. விற்பனைக்குப் பாடலே முதற்காரணம் எனினும், வண்ணமின்மை இளையோரை விலக்கவில்லை என்பது தெளிவு.

இவ்வேறுபாட்டை விளக்கத் தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியல் துணைசெய்கின்றது. நகை தோன்றும் நிலைக்களன்களுள் இளமையையும் பேதைமையையும் வைத்த ஆசிரியர், பெருமிதத்திற்குரியனவற்றுள் கல்வியையும் தறுகண்மையையும் வைத்தார். முதலுறை இளமையை முதியோர் காணும் வண்ணம் காட்டுகின்றது. ஆண்டு இளமை பேதைமைக்கு அண்மையது. இரண்டாமுறை இளையோர் தம்மைக் காண விழையும் வண்ணம் காட்டுகின்றது; ஆண்டு இளமை பெருமிதமுடையது. முன்னது வாங்குவோனை இரந்து நிற்கிறது. பின்னது அவனை ஒப்பாரொருவனாக நேர்நோக்குகின்றது. வளர்ந்தோராகவும் குழந்தையராகவும் கொள்ளப்படாது இடைநிற்கும் பருவத்தார்க்கு இந்நோக்கே பெரிது.

1964-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் இங்கிலாந்தில் வெளியிட்ட முதல் நெடுந்தட்டின் முகப்பில், தட்டின் பெயருமில்லை, குழுவின் பெயருமில்லை. இருளினின்று நோக்கும் ஐவர் முகமே உண்டு. அறிந்தார்க்கு விளக்கம் வேண்டா என்பது குறிப்பு. அதே ஆண்டு அமெரிக்காவில் ஃப்ரீமனின் படத்திற்கு நீலச்சாயலூட்டிப் பெரிய எழுத்துகளைச் சேர்த்தனர். ஆண்டு உறை மீண்டும் கூவி அழைக்கலாயிற்று.

நகை மறுத்தலும் பின்னாளில் வணிக வழக்காகிவிட்டது என்பது உண்மையே. ஆயினும், மதிப்பினைக் காட்டியே இளையோரைக் கவர வேண்டியதாயிற்று என்பதை அவ்வழக்கே மெய்ப்பிக்கின்றது. ஆதலின், இவ்வுறைகளை மயக்குப்பொருளென ஒதுக்காது, பருவத்தின் மெய்ப்பாடு உணர்த்தும் சான்றுகளாகக் கொண்டு ஆராய்தல் தகும்.