பம்பைக்காரர் கேட்கும் கேள்வி

திருவள்ளூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் சாலையில் கனகம்மாசத்திரத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் பேய் புதிதல்ல. பேயுருவை வரமாகக் கேட்டுப் பெற்ற காரைக்கால் அம்மையார் ஈசனின் ஆடலைக் கண்டு பாடிய திருவாலங்காடு பக்கத்தில்தான் இருக்கிறது. அதையொட்டிய பழையனூரில் நீலியின் கதை நடக்கிறது. முற்பிறவியில் கணவன் கையால் மாண்டவள் பேயாகி, வணிகனாக மறுபிறவி எடுத்து வரும் அவனைத் தொடர்கிறாள். பொய்க் குழந்தையை இடுப்பில் ஏந்தி, இவர் என் புருஷன் என்று ஊர்ச்சபையில் முறையிடுகிறாள். வேளாளர் எழுபது பேர் அவள் சொல்லை நம்பி, வணிகனின் உயிருக்குத் தாங்கள் பிணை என்கிறார்கள். இரவில் அவன் கொல்லப்படுகிறான்; கொடுத்த வாக்குக்காக அவர்கள் தீப்பாய்ந்து மாய்கிறார்கள். வாக்குத் தவறாமைக்கு எடுத்துக்காட்டாகவே இதைக் காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். ஆனால் முதலில் நடந்த கொலையைப் பற்றி அந்தச் சபையில் ஒருவரும் விசாரிக்கவில்லை. பேயோட்டும் சடங்கின் பலமும் குறையும் எனக்கு இங்கேதான் தெரிகின்றன. ஒருத்திக்கு ஏதோ ஆகிவிட்டது என்பதைச் சடங்கு சரியாகவே கண்டுகொள்கிறது. ஏன் ஆயிற்று என்பதை மட்டும் கேட்க வேண்டியவர்களிடம் கேட்பதில்லை.

கண்டுகொள்கிறது என்பதற்குச் சான்று உண்டு. உச்சி வேளையில் தனியாகப் போனாள், பயந்துவிட்டாள், அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை, பேச்சில்லை, வெறித்துப் பார்க்கிறாள் என்று நம் வீடுகளில் சொல்வதைப் போலவே மெக்சிகோவின் கிராமங்களிலும் சொல்கிறார்கள். அங்கே அதன் பெயர் சுஸ்தோ. அதிர்ச்சியில் ஆன்மா உடலைவிட்டு விலகிப்போய்விட்டது என்பது அவர்கள் நம்பிக்கை. பயந்த உடலில் வேறொன்று புகுந்துகொண்டது என்பது நம்முடையது. ஆள் தன் வசத்தில் இல்லை என்பதில் இருவருக்கும் வேறுபாடில்லை. ஆர்தர் ரூபலும் அவருடைய குழுவினரும் மெக்சிகோவின் வாஹாகா பகுதியில் ஆய்வு செய்து 1984-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். சுஸ்தோ கண்டவர்களையும் காணாதவர்களையும் ஒப்பிட்டபோது, கண்டவர்களிடம் உடல்நோய் அதிகமாக இருந்தது. குடும்பத்திலும் ஊரிலும் தங்களிடம் எதிர்பார்க்கப்பட்டதைச் செய்ய முடியாத நெருக்கடியும் அதிகமாக இருந்தது. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அவர்களில் இறந்துபோனவர்களும் அதிகம். ஆகவே ஆன்மா போய்விட்டது என்று ஊர் சொல்வதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது. மருத்துவர் பார்ப்பதற்கு முன்பே ஊர் எழுப்பும் எச்சரிக்கை அது.

கோவிலை நாடுவதில் உள்ள அடுத்த பலம், அங்கே ஆளைத் தனியே விடாதது. ஆர். ரகுராம் முதலிய ஆய்வாளர்கள், தென்தமிழகத்தின் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோவிலுக்கு 2000-ஆம் ஆண்டு உதவி தேடி வந்து தங்கிய 31 பேரைக் கவனித்தார்கள். அவர்களுக்கு மருந்து தரப்படவில்லை, தனிச் சடங்கும் நடக்கவில்லை. கோவிலைப் பெருக்குவது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று நாள் கழிந்தது. கூடவே வீட்டார் ஒருவர் இருந்தார். சராசரியாக ஆறு வாரம் தங்கிய அவர்களுடைய நோய்க்குறி மதிப்பெண் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. இதைக் காட்டி மந்திரம் பலித்தது என்பவர்கள், அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை என்பதையும், 31 பேரின் கணக்கு ஒரு நாட்டுக்கே பொருந்தாது என்பதையும் மறக்கக்கூடாது. இருந்தாலும் அந்த முன்னேற்றத்தை ஒன்றுமில்லை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. பயமுறுத்தாத இடமும், கைக்கு வேலையும், பக்கத்தில் ஓர் உறவும் மனிதரைத் தேற்றும் என்பதற்கு அதில் நல்ல அடையாளம் இருக்கிறது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. வடமாவட்டங்களில் பம்பையும் உடுக்கையும் முழங்க, பம்பைக்காரர் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்கிறார்: நீ யாரு, எந்த ஊரு, எங்கே பிடிச்சே, உனக்கு என்ன வேணும்? பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி இது. ஆனால் கேட்கப்படுவது அவளல்ல, அவளைப் பிடித்ததாகச் சொல்லப்படும் செத்துப்போனவன். தென்னாற்காட்டில் களப்பணி செய்த மானிடவியலாளர் இசபெல் நபோகோவ் 2000-இல் வெளியிட்ட நூல் இதை விரிவாகக் காட்டுகிறது. பிடிப்பவை பெரும்பாலும் அகாலமாய் மாண்ட இளைஞர்களின் ஆவிகள், பிடிபடுபவர்கள் பெரும்பாலும் புதிதாக மணமான பெண்கள். உச்சிமுடி ஒரு கற்றையை அறுத்து மரத்தில் ஆணி அடித்ததும் அவள் கணவன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அந்த வீட்டில் என்ன நடந்தது என்பது பேச்சிலேயே வருவதில்லை. பேயின்மேல் பழியைப் போடுவதால் பெண்ணுக்கு அவமானம் இல்லாமல் போகிறதே, அது நல்லதுதானே என்று சிலர் வாதிடுவார்கள். அது உண்மைதான், அந்தப் பாதுகாப்பு சிறியதல்ல. அதே பேய் அடித்தவனையும், வரதட்சணை கேட்டு நச்சரித்தவளையும் சேர்த்துக் காப்பாற்றிவிடுகிறது. அடுத்த ஆடியில் அவளுக்குப் பேய் மறுபடி பிடித்தால் அதில் வியக்க ஒன்றுமில்லை.

உடல்நோயில் இந்தக் குறை உயிரையே கேட்கும். வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது நம்மூர் வழக்கம். பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். பெயர் சாவிக்குப் போகிறது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்பில் அந்த நம்பிக்கையே ஆளைக் கொல்லும். வயிற்றுப்போக்கில் வற்றிய குழந்தையின் உச்சிக்குழி உள்ளே போனால், தோஷம் என்று கயிறு கட்டும் நேரத்தில் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்திருக்க வேண்டும். ஜோசப் தல்மாவ் குழுவினர் 2007-இல் விவரித்த மூளையழற்சி ஒன்று இளம்பெண்களை அதிகம் தாக்குவது. நன்றாக இருந்தவள் சில நாட்களில் பிதற்றுவாள், ஊரே பேய் என்று சொல்லும்படி உடலை முறுக்குவாள். தக்க சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோர் தேறுகிறார்கள். தாமதம் ஆக ஆக வாய்ப்புக் குறைகிறது. எத்தனை அமாவாசைக்கு உடுக்கை அடித்தாலும் இதைப் பம்பைக்காரரால் கண்டுபிடிக்க முடியாது.

அப்படியானால் தடை செய்துவிடலாமே என்ற பகுத்தறிவாளர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று தர்காவால் அறியப்பட்ட ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலி கூடாது என்கிறது. சங்கிலிக்கும் சவுக்குக்கும் மிளகாய்ப் புகைக்கும் எந்தச் சலுகையும் கூடாது. ஆனால் 2015–16-இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே வந்து சேரவில்லை என்று சொன்னது. அவர்களில் பலர் முதலில் போய் நிற்பது கோவில் வாசலிலும் தர்கா வாசலிலும்தான். அந்த வாசலை அடைத்தால் அவர்கள் மருத்துவமனைக்கு வரமாட்டார்கள், வீட்டுக்குள் பூட்டப்படுவார்கள். அதே ஏர்வாடியில் பின்னர் அரசு தொடங்கிய திட்டத்தில் தர்காவின் பிரார்த்தனையோடு மருந்தும் தரப்படுகிறது. எனக்குச் சரியென்று படும் வழி அதுதான்.

திருத்தணியில் அரசு மருத்துவமனை இருக்கிறது. திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம். கயிறு கட்ட விரும்பும் குடும்பம் கட்டிக்கொள்ளட்டும், ஆனால் அதே நாளில் மருத்துவரையும் பார்க்கட்டும். பூசாரிகளிடமும் பம்பைக்காரர்களிடமும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உனக்கு என்ன வேணும் என்ற கேள்வியைப் பேயிடம் கேட்டு முடித்த பிறகு, அந்தப் பெண்ணிடம் அவள் பெயரைச் சொல்லி இன்னொரு முறை கேளுங்கள். அப்போது அவளுடைய கணவனையும் மாமியாரையும் எதிரில் உட்காரவைக்காதீர்கள்.