கனரின் பதினொரு குழந்தைகள்: ஒரு மதிப்பீடு

மருத்துவக் கட்டுரைகளைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்ளல் எம்மிடையே பெருவழக்கன்று. ஆயினும் நோயாளியைப் பற்றி எழுதப்பட்ட உரையும் உரையே. அதிற் கண்டது எது, கருதியது எது எனப் பிரித்தறிதல் கற்றோர் கடனாகும். அவ்வாறு பிரித்தறியாமையால் ஒரு தலைமுறைத் தாய்மார் பெரும்பழி சுமந்தனர். அப்பழிக்கு வித்தும் அதனை மறுத்தற்கு வேண்டிய சான்றும் ஒருங்கே அமைந்த கட்டுரை, லியோ கனர் என்பார் 1943 ஆம் ஆண்டில் 'நேர்வஸ் சைல்ட்' என்னும் அமெரிக்கச் சஞ்சிகையில் எழுதியதாகும். ஓட்டிசம் என்று இன்று யாவரும் அறிந்த நிலையை மருத்துவ உலகில் நிலைபெறச் செய்தது அதுவே.

கனர் 1894 இல் அன்றைய ஒஸ்திரிய-அங்கேரியப் பேரரசிற் பிறந்து, 1924 இல் அமெரிக்கா சென்றவர். 1930 இல் பால்றிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையிற் குழந்தை உளமருத்துவப் பிரிவைத் தொடக்கினார். 1935 இல் அவர் வெளியிட்ட நூல், இத்துறைக்கு ஆங்கிலத்தில் எழுந்த முதற் பாடநூல் எனப் போற்றப்படுவது. வளர்ந்தோர்க்கு வகுத்த நோய்ப்பெயர்களைச் சிறுவர்மேற் சுமத்தாது, சிறுவரைச் சிறுவராகவே நோக்க முயன்றமை அவர்தம் தனிச்சிறப்பு.

அச்சிறப்பினை 1943 ஆம் ஆண்டுக் கட்டுரையில் முழுமையாகக் காணலாம். சிறுவர் எண்மர், சிறுமியர் மூவர் ஆகப் பதினொருவரை அவர் விவரிக்கின்றார். முதற் சிறுவன் 'நான்' என வேண்டிய இடத்தில் 'நீ' என்றான். பிறர் தன்னை நோக்கிக் கூறிய சொல்லை அவ்வாறே திருப்பிக் கூறினானாதலின் இது நிகழ்ந்தது. "ஆம் என்றால் தோளில் ஏற்றிக்கொள்வேன்" எனத் தந்தை கூற, 'ஆம்' என்னும் சொல்லை அவன் கற்றான். அதன்பின் பல மாதங்கள்வரை அச்சொல்லுக்கு அவன் கொண்ட பொருள், தோளில் ஏற்றுக என்பதே. பிறர் பிதற்றல் எனத் தள்ளியதற்குள்ளே ஓர் ஒழுங்குண்டு எனக் கனர் கண்டார். ஆசிரியத் தொழிலுக்கும் இதனினும் சிறந்த பாடம் வேறில்லை.

குறை யாதெனில், குழந்தையை நோக்கிய கண் பெற்றோரிடம் திரும்பியபோது அதே பொறுமையைக் காட்டாமையே. தந்தையருள் நால்வர் உளமருத்துவர். தாயருள் ஒன்பதின்மர் பட்டதாரிகள். இவர்களுள் அன்புள்ளம் உடையோர் மிகச் சிலரே எனக் கனர் எழுதினார். தொலைவிலுள்ள நிபுணரைத் தேடிச் செல்லும் வாய்ப்பும் வசதியும் கற்றோர்க்கே அந்நாளிற் பெரிதும் இருந்தன என்பதை அவர் போதிய அளவு எண்ணிப் பார்த்திலர். முதற் சிறுவனின் தந்தை 33 பக்கங்களில் மகனின் வரலாற்றை எழுதி அனுப்பினார். அத்தகைய குறிப்புகளின் நுணுக்கத்தையே பெற்றோரின் மிகைப்பட்ட மனப்போக்குக்குச் சான்றாகக் கனர் காட்டுகின்றார். அக்குறிப்புகள் இல்லையேல் அவர் கட்டுரையின் பெரும்பகுதி எழுதப்பட்டிராது! தமக்குச் சான்று தந்தோரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியமை நீதியன்று.

எனினும், இத்தனிமை பிறந்த நாள் தொட்டே காணப்படுதலின் முழுவதையும் பெற்றோர்மேல் ஏற்றல் அரிது என்றும், உணர்ச்சித் தொடர்பு கொள்ளும் ஆற்றற் குறை பிறவியிலேயே அமைந்தது எனக் கொள்ளல் வேண்டும் என்றும் அதே கட்டுரையின் முடிவிற் கூறினார். 1941 இல் தாய்மாருக்காக வாதாடித் தனிநூலே எழுதியவர் அவர். ஆயினும் 1949 இல், உருகாத குளிர்ப்பெட்டியில் வைக்கப்பட்ட குழந்தைகள் என எழுதினார். உவமை வென்றது, முடிவுரை மறைந்தது. 1967 இல் புரூனோ பெற்றில்கைம், தாம் சிறைப்பட்டிருந்த நாற்சி முகாம்களின் அநுபவத்தை ஒப்புமையாகக் கொண்டு, தாயின் மறுப்பே இந்நிலைக்குக் காரணம் என வாதிட்டார்.

மறுப்பும் எழாமலில்லை. ஓட்டிசமுடைய மகனின் தந்தையாகிய பேணாட் றிம்லன்ட் 1964 இல், காரணம் உடலியல் சார்ந்தது என நிறுவ முயன்றார்; அந்நூலுக்கு அணிந்துரை வழங்கியவர் கனரே. 1969 இற் பெற்றோர் பேரவை ஒன்றில் அவர்களைப் பழியினின்று விடுவிப்பதாகக் கனர் வெளிப்படக் கூறினார். 1977 இல் சூசன் போல்ஸ்ரைன், மைக்கேல் றட்டர் ஆகியோர் 21 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்தனர். ஒருகரு இரட்டையர் 11 சோடிகளுள் நான்கில் இருவருக்கும் ஓட்டிசம் இருந்தது. இருகரு இரட்டையர் 10 சோடிகளுள் ஒன்றிலேனும் அவ்வாறில்லை. பரம்பரையின் பங்கு இதனாற் புலனாயிற்று.

1971 இல் அப்பதினொருவரின் பின்வரலாற்றைக் கனர் எழுதினார். பெருவிடுதிகளில் அடைக்கப்பட்டோர் இருந்த ஆற்றலையும் இழந்தனர். முதற் சிறுவனோ ஒரு பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்தான். அளத்தலில் அவனுக்கிருந்த அடங்காப் பற்றைக் கண்ட அவர்கள் கிணறு தோண்டி ஆழம் அளக்க விட்டனர். எண்ணுதலில் இருந்த பற்றைக் கண்டு, உழும்போது சோளவரிசைகளை எண்ண விட்டனர். அவன் பின்னர்ப் பட்டம் பெற்று வங்கியிற் பணிபுரிந்தான்.

அப்பண்ணையார் உளமருத்துவம் கற்றவரல்லர். பிள்ளையிடம் இருந்ததைக் கண்டு, அதற்கொரு பயன் கண்டனர். கனரின் கட்டுரையில் நிலைத்து நிற்பதும் அவர் கண்ட பகுதியே. வீழ்ந்தது அவர் பெற்றோர்மேற் கருதிய பகுதி. வகுப்பிலே விலகியிருக்கும் மாணவனைக் கண்டதும் "வீட்டு வளர்ப்பு" எனத் தீர்ப்புக் கூற முந்தும் நமக்கு இவ்வேறுபாடு நினைவிலிருத்தல் நன்று.