ஒரு வினாடியும் உளியும்: டிஜிற்றல் ஊடகமும் அச்சோவியமும்

கலைக்கல்லூரிகளின் அச்சோவியக் கூடங்களிற் கணினியும் லேசர் வெட்டுப்பொறியும் இடம்பெற்றுள்ள இன்றைய நிலையில், அவை பற்றிய விவாதம் பெரும்பாலும் இரு துருவங்களிலேயே நிகழ்கின்றது. கைத்திறன் அழிகின்றது என்பது ஒரு சாராரின் புலம்பல். கருவி புதிதாயின் கலையும் புதிதாகும் என்பது மறுசாராரின் நம்பிக்கை. இரு சாராருமே கருவியை அதன் சமூக உறவுகளிலிருந்து பிரித்துக் காண்கின்றனர். கேட்கப்படவேண்டிய வினா வேறு: படைப்பில் மனித உழைப்பு எங்கே நிற்கின்றது? அதன்மீது ஆட்சி யாருக்குரியது?

ஜேர்மனியின் லைப்சிக் நகரில் 1967இற் பிறந்த கிறிஸ்தியானே பௌம்கார்ட்னரின் ஆக்கங்கள் இவ்வினாவைத் தெளிவாக எழுப்புகின்றன. 1764இல் நிறுவப்பட்ட அந்நகரின் கலைக்கழகத்திலும், பின்னர் லண்டன் றோயல் கலைக்கல்லூரியிலும் பயின்றவர் அவர். ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையில் ஒரு வினாடிக்கு 25 சட்டகங்கள் ஓடுகின்றன. ‘ஒரு வினாடி’ (2004) என்ற தொடரில் அவ்வாறான 25 சட்டகங்களை அவர் மரத்திற் கையாற் செதுக்கி 25 அச்சுகளாக்கினார். இராணுவப் போக்குவரத்து விமானங்களைச் சித்திரிக்கும் ‘ட்ரான்சால்’ (2002-2004) நான்கு மீற்றருக்கும் மேல் நீண்ட மரச்செதுக்கு. ஒளியும் நிழலும் கிடைக்கோடுகளின் தடிப்பு வேறுபாட்டினாலேயே உருவாகின்றன. தூரத்தில் நிற்பவர் வீடியோப் படத்தைக் காண்கிறார். அருகே செல்பவர் கத்தியின் தடங்களை மட்டுமே காண்கிறார். பொறி கணத்திற் பதிந்து மறந்ததை, உழைப்பு மாதக்கணக்கில் மீட்டெடுக்கின்றது. மறைக்கப்பட்ட உழைப்பு இங்கு கண்ணுக்குப் புலனாகும் பொருளாகின்றது. இதுவே இவ்வாக்கங்களின் சாதனை.

ஆயின் அவற்றின் எல்லையையும் கூறவேண்டும். இவையும் எண்ணிக்கை வரையறுக்கப்பட்ட படிகளாகவே சந்தையை அடைகின்றன. பலருக்குச் சென்றடையும் ஆற்றலே அச்சின் சனநாயகப் பண்பு. அவ்வாற்றலை எண்ணிட்ட படி என்ற வழக்கம் செயற்கையாகக் கட்டுப்படுத்துகின்றது. கணினி மைத்தாரை அச்சுக்கு 1991இல் ‘ஜிக்கிளே’ என்ற பிரெஞ்சுச் சாயற்பெயர் சூட்டப்பட்டதும் இத்தகையதே. எண்ணற்ற படிகளைத் தரவல்ல பொறியின் படத்துக்குக் கையொப்பமும் இலக்கமும் இட்டு, பென்யமின் 1930களில் மங்கிவருவதாகக் கண்ட ‘ஒளிவட்டத்தை’ சந்தை மீளவும் பூசுகின்றது. புதிய உற்பத்திச் சக்தி தன்னளவிற் பழைய உடைமை உறவை மாற்றிவிடுவதில்லை.

கற்பித்தலில் இவ்வுண்மை நேரடி முக்கியத்துவம் பெறுகின்றது. பட்டுத்திரை அச்சுக்குரிய ஒளிபுகு படலத்தை இன்று சாதாரண மைத்தாரை அச்சுப்பொறியிலேயே எடுக்கலாம். இருட்டறையின் செலவு குறைந்தமை வரவேற்கத்தக்கது. லேசரின் நிலை வேறு. மரத்தின் நரம்போட்டம் கையை எதிர்க்கின்றது; அவ்வெதிர்ப்பிலேயே மாணவன் தன் பொருளை அறிகின்றான். அவ்வறிவின்றிக் கோப்பைப் பொறிக்கு அனுப்புபவன் படைப்பாளியாக அன்றி, பொறியின் வாடிக்கையாளனாகவே நிற்கின்றான். ஆகவே, ஒரே உருவத்தின் ஒரு பாதியைக் கத்தியாலும் மறுபாதியை லேசராலும் செதுக்கி, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டு விவாதிக்கும் பயிற்சி முதலாண்டிலேயே அமைதல் வேண்டும்.

இன்னுமொன்று உண்டு. லேசர்ப்பொறி நிறுவனத்தின் உடைமை. பட்டம் பெற்று வெளியேறும் மாணவன் அதனை வாயிலிலேயே விட்டுச்செல்கிறான். பலகையும் கத்தியும், தாளின் முதுகைத் தேய்த்து அச்செடுக்க ஒரு கரண்டியும் அவனுடன் செல்கின்றன. உற்பத்திக் கருவி உழைப்பவன் கையில் இருத்தல் வேண்டும் என்ற கோட்பாடு கலைக்கூடத்துக்கும் பொருந்தும். மரபைக் கற்பிப்பதற்கான நியாயம் பழமைப் பற்றிலன்று, இதிலேயே உள்ளது.