தோல்வியைத் திருத்திய ஆசிரியர்

ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா இரண்டே முறை தங்கம் வென்றிருக்கிறது. 1951இல் புது டெல்லியில் ஒன்று, 1962இல் ஜகார்த்தாவில் ஒன்று. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் மிகச் சிறந்த இடம், 1956இல் மெல்போர்னில் கிடைத்த நான்காம் இடம். இந்த மூன்றுக்கும் பயிற்சியாளர் ஒருவர்தான்: ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம்.

1909 ஆகஸ்ட் 17 அன்று பிறந்த ரஹீம், உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்து, அதன் அணியில் ஆடியவர். பிழைப்புக்குப் பள்ளி ஆசிரியர் வேலை. பிறகு உடற்கல்வியில் பட்டயம் பெற்றுப் பள்ளி விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றார். 1943இல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். அவருடைய பயிற்சிமுறை முழுவதும் இந்தப் பள்ளிக்கூடப் பின்னணியிலிருந்து வந்தது. சிறுவர்களுக்கு அவர் நடத்திய போட்டிகளின் விதிகளே தனி. ஒன்றில் டிரிப்ளிங் செய்யக் கூடாது. பந்து காலுக்கு வந்ததும் பாஸ் கொடுத்துவிட வேண்டும். இன்னொன்றில் பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும். வலதுகால் ஆட்டக்காரனுக்கு இடதுகால் அப்படித்தான் பழகியது. பலவீனம் எதுவோ அதையே விதியாக்கி ஆட வைப்பது நல்ல ஆசிரியரின் உத்தி. ரஹீம் அதைத் திட்டமிட்டுக் கால்பந்தில் செய்தார்.

1950இல் ஹைதராபாத் நகரக் காவல்துறை அணி அவர் கைக்கு வந்தது. அந்த ஆண்டு முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை பம்பாயின் ரோவர்ஸ் கோப்பை அந்த அணிக்கே. கல்கத்தாவின் பெரிய கிளப்புகளே இந்தியக் கால்பந்து என்றிருந்த நாட்களில், தெற்கிலிருந்து வந்த ஒரு போலீஸ் அணி அந்தக் கணக்கைப் புரட்டிப் போட்டது.

தேசிய அணியிலும் தொடக்கம் நன்றாகவே இருந்தது. 1951 இறுதியாட்டத்தில் மேவாலால் அடித்த ஒரே கோலில் ஈரான் வீழ்ந்தது. ஆனால் அடுத்த ஆண்டே ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றுத் திரும்பியது அணி. குளிர் நாட்டு மைதானத்தில் இந்திய ஆட்டக்காரர்களில் பலர் வெறுங்காலில் ஆடினார்கள். அதன் பிறகே தேசிய அணிக்குப் பூட்ஸ் கட்டாயமானது. ரஹீம் அத்தோடு நிற்கவில்லை. அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹங்கேரியின் ஆட்டத்தை உற்றுக் கவனித்தார். ஹங்கேரியின் சென்டர் ஃபார்வர்டு கோல் முன்னால் காத்து நிற்காமல் பின்வாங்கி வந்து பந்தை வாங்குவார். அவரைத் துரத்தும் தடுப்பாட்டக்காரர் விட்டுச் செல்லும் இடத்தில் மற்றவர்கள் புகுவார்கள். இதன் சாரத்தை ரஹீம் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். 1958 உலகக் கோப்பையில் பிரேசில் பிரபலமாக்கிய 4-2-4 வரிசையை அவர் அதற்கு முன்பே கையாண்டார் என்று கால்பந்து வரலாறு எழுதுபவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

பலன் மெல்போர்னில் தெரிந்தது. ஹங்கேரி போட்டியிலிருந்து விலகிக்கொள்ள, இந்தியா நேராகக் காலிறுதியில் ஆஸ்திரேலியாவைச் சந்தித்தது. 4-2 வெற்றி, நெவில் டிசோசா ஹாட்ரிக். ஒலிம்பிக் கால்பந்தில் ஆசியர் ஒருவர் அடித்த முதல் ஹாட்ரிக் அது. ஒலிம்பிக் முடிந்த பிறகு சிட்னியில் நடந்த நட்பு ஆட்டத்தில் அதே ஆஸ்திரேலியாவை இந்தியா 7-1 என்று வென்றதால், காலிறுதி வெற்றி தற்செயல் என்று சொல்ல யாருக்கும் வழியில்லை. அரையிறுதியில் நான்கு ஆண்டுகளுக்கு முன் பத்து கோல் போட்ட யூகோஸ்லாவியாவுக்கு எதிராக முதல் கோலை அடித்தது இந்தியாதான். கடைசியில் 1-4 தோல்வி, வெண்கல ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3. ஆனாலும் ஒன்பது கோல் இடைவெளியை இந்த அளவுக்குக் குறைத்த அந்த நான்கு ஆண்டுகளே ரஹீமின் ஆகச் சிறந்த உழைப்பு. ஜகார்த்தா தங்கத்தைவிட அதை உயர்வாக வைக்க வேண்டும்.

இந்த அணிகளில் தமிழர்களின் பங்கு பெரிது. நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் ஆடி வளர்ந்த கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ், 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பை வென்ற அந்த மையத்தின் அணியில் இருந்தவர். செகந்திராபாத் அருகே அம்முகூடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராம், பயிற்சிக்கு வரக் காசில்லாத ஏழைப் பையன். வாடகை சைக்கிளுக்குப் பணம் கொடுத்து அவரை மைதானத்துக்கு வரவழைத்தவர் ரஹீம். அந்தப் பையன்தான் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராக கோல் அடித்தார். ரோமில் இந்தியா ஹங்கேரியிடம் 1-2, பெருவிடம் 1-3 என்று தோற்றது. பிரான்ஸுடன் 1-1 சமன்.

1962இல் ஜகார்த்தாவுக்குப் போனபோது ரஹீமுக்குப் புற்றுநோய். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என்றும், ஜப்பானை 2-0 என்றும் வென்றாலும், தடுப்பரண் ஜர்னைல் சிங்கின் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. பின்வரிசையில் தலையால் முட்டி முட்டிப் பந்தை விலக்க வேண்டியவரை அங்கே நிறுத்த முடியாது. வெளியே உட்கார வைக்கவும் மனமில்லை. ஜர்னைல் கல்லூரி நாட்களில் முன்வரிசையில் ஆடியவர் என்பது ரஹீமுக்குத் தெரியும். தலைக்கட்டோடு அவரைச் சென்டர் ஃபார்வர்டாக இறக்கினார். அருண் கோஷ் தடுப்பின் நடுவுக்கு வந்தார். அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என வென்றபோது ஜர்னைல் ஒரு கோல் அடித்தார்.

செப்டம்பர் 4, இறுதியாட்டம். எதிரணி மறுபடியும் தென் கொரியா. தைவானையும் இஸ்ரேலையும் போட்டிக்குச் சேர்க்காததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்திருந்ததால் அரங்கம் முழுவதும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. கோல் கம்பங்களுக்கு இடையே உயரமான தங்கராஜ் நின்றார். 17ஆம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜி, 20ஆம் நிமிடத்தில் ஜர்னைல் சிங். கொரியா ஆட்டம் முடியும் தறுவாயில்தான் ஒரு கோலைத் திருப்பியது. 2-1. முதல் தோல்விக்குப் பழி தீர்ந்தது.

ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11 அன்று ரஹீம் இறந்தார். வயது 53. பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது தொடங்கியதே 1985இல்தான் என்பதால், வாழ்ந்த காலத்தில் அது அவருக்குக் கிடைக்க வழியில்லை. அவருடைய பாடங்களை எழுத்தில் தொகுத்து நாடெங்கும் பரப்பும் அமைப்பு எதையும் கால்பந்து நிர்வாகம் உருவாக்கவில்லை. அறிவு ஒரு மனிதரோடு போனது இந்திய ஆட்டத்துக்குப் பேரிழப்பு. சீடர்கள் மட்டும் ஆங்காங்கே அதைத் தொடர்ந்தார்கள்: ரோம் அணியில் இருந்த தமிழ்நாட்டுக்காரர் சைமன் சுந்தரராஜ் பயிற்சி தந்த கேரள அணி 1973இல் எர்ணாகுளத்தில் மாநில அணிகளுக்கான சந்தோஷ் கோப்பையை முதன்முறையாக வென்றது.

1970 பாங்காக்கில் கிடைத்த வெண்கலத்துக்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்திய ஆடவர் அணி பதக்கம் எதையும் பார்க்கவில்லை. ரஹீமின் பழக்கமில்லாத கால் போட்டிக்கு ஒரு பந்தும் ஒரு மைதானமும் போதும். பள்ளி உடற்கல்வி ஆசிரியர்கள் இந்த ஆண்டே அதை நடத்திப் பார்க்க வேண்டும்.