சமாதானமும் அமைதியும்: இரட்சணிய யாத்திரிகம், கிறிஸ்துகுல ஆசிரமம் வழி ஒரு நோக்கு

முன்னுரை

துன்பக் காலத்தில் கிறித்தவ நம்பிக்கை மனத்திற்கு ஆறுதல் தருகிறது என்பது தமிழ்க் கிறித்தவ இலக்கிய ஆய்வுகளில் அடிக்கடி இடம்பெறும் முடிபாகும். ஆறுதல் என்பது யாது, அது துன்பத்தை மறக்கச் செய்கிறதா, எதிர்கொள்ளச் செய்கிறதா என்னும் வினாக்கள் அவற்றில் போதிய அளவு எழுப்பப்படுவதில்லை. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தையும், ஜவ்வாது மலைக்கு அருகே திருப்பத்தூரில் 1921இல் தோன்றிய கிறிஸ்துகுல ஆசிரமத்தையும் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு சொற்கள்

சீர்திருத்தத் திருச்சபையினரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் தமிழ் விவிலியம், மீட்பர் அருளும் உள்ள நிலையைச் 'சமாதானம்' என்னும் சொல்லால் குறிக்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் அதே இடங்களில் பெரும்பாலும் 'அமைதி' என்னும் சொல்லை ஆள்கிறது. தூய தமிழ்ச்சொல் என்ற வகையில் பின்னதற்குத் தனிச்சிறப்பு உண்டு. எனினும் இரண்டும் ஒரே பொருளன அல்ல. அமைதி என்பது அடங்கியிருத்தல், ஓசையின்மை, பொருந்தியிருத்தல் ஆகிய பொருள்களைத் தருவது. ஒருவர் தனித்திருந்தும் அதனைப் பெறலாம். சமாதானம் இருவரை வேண்டி நிற்பது. பகைத்தவர் கூடுவதும் சமாதானம். குற்றச்சாட்டுக்கு விடை கூறுவதும் சமாதானம். 'இதற்கு என்ன சமாதானம் சொல்கிறாய்?' என்னும் பேச்சுவழக்கு இரண்டாம் பொருளை இன்றும் காத்து வருகிறது. விடை கேட்கும் உரிமை இச்சொல்லுக்குள் உறைகிறது.

திருக்குறளின் 'இடுக்கண் அழியாமை' அதிகாரம் (குறள் 621-630) இதனோடு ஒப்பிடத்தக்கது. அங்கே துன்பத்தை வெல்லும் ஆற்றல் ஒருவனது உள்ளத் திண்மையிலிருந்து பிறக்கிறது. கிறித்தவ மரபில் அவ்வாற்றல் பிறரொருவர் தந்த வாக்குறுதியிலிருந்து பெறப்படுகிறது. முன்னதில் அழியாமை ஒரு பண்பு; பின்னதில் சமாதானம் ஓர் உறவு.

பயணத்தின் நடுவே

கிருஷ்ணபிள்ளை (1827-1900) 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம், ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உருவக நூலைத் தழுவியது. பனியனின் பயணி நாசநகரை விட்டு வெளியேறி விண்ணக நகரை நோக்கி நடக்கிறான். வழியில் ஒரு மாளிகையில் அவன் துயிலும் அறைக்குச் சமாதானம் என்றே பெயர். அதன் பலகணி கிழக்கு நோக்கித் திறந்திருக்கிறது. அவ்வறை நூலின் இறுதியில் அமையவில்லை. அங்கிருந்து புறப்படும்முன் பயணிக்குப் போர்க்கலங்கள் அணிவிக்கப்படுகின்றன. அடுத்த பள்ளத்தாக்கிலேயே கொடும்பகை எதிர்ப்படுகிறது. ஆகவே சமாதானம் இங்குப் பயணத்தின் நடுவே கிடைக்கும் ஆயத்தமாகிறது. அவநம்பிக்கை அரக்கனின் கோட்டைச் சிறையைத் திறக்கும் திறவுகோல் பயணியின் மார்பிலேயே இருந்ததும் கருதத்தக்கது. அத்திறவுகோலின் பெயர் வாக்குறுதி.

இவ்வமைப்பைத் தழுவிய கிருஷ்ணபிள்ளை அதில் செய்த மாற்றங்கள் ஆய்வுக்குரியன. மூலநூல் விரித்துரைக்காத இயேசுவின் பாடுகளை அவர் குமாரபருவத்தில் விரிவாகப் பாடுகிறார். இதனால் பயணி அடையும் ஆறுதலுக்கு அடித்தளம் துன்பமற்ற ஒரு தெய்வம் என்பது மாறி, துன்புற்ற ஒருவரின் வரலாறாகிறது. நெடுங்கதையின் இடையிடையே 'தேவாரம்' என்னும் பெயரில் இசைப்பாடல்களை அமைத்திருப்பது மற்றொரு மாற்றம். வழிநடப்போர் களைப்பைப் பாட்டினால் ஆற்றிக்கொள்வது தமிழர் வழக்கு. இப்பாடல்களின் பின்னும் பயணம் தொடர்கிறது, இடர்களும் தொடர்கின்றன.

நூலின் ஐந்து பருவங்களுள் நான்காவது ஆரணியபருவம். கம்பரில் தோய்ந்தவரும் 'கிறித்தவக் கம்பர்' எனப் போற்றப்பட்டவருமான கிருஷ்ணபிள்ளை இப்பெயரிட்டது தற்செயலாகத் தோன்றவில்லை. கம்பரின் ஆரணிய காண்டத்தில் முனிவர் உறையும் இடங்கள் இடரற்றவை அல்ல. அரக்கரால் அல்லலுற்ற தண்டக வனத்து முனிவர்கள் இராமனிடம் அடைக்கலம் வேண்டுகின்றனர். தவமும் இடரும் ஒரே காட்டில் வாழ்கின்றன என்னும் இப்புரிதல் தமிழ்க் கற்பவர்க்கு முன்பே பழகியது.

மலையடியில் ஓர் ஆசிரமம்

காவிய உலகில் கண்ட இவ்வியல்பை வரலாற்றில் காண்பதற்குக் கிறிஸ்துகுல ஆசிரமம் துணைசெய்கிறது. மருத்துவர் சவரிராயன் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் இதனை நிறுவினர். மக்கள் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்று அழைத்தனர். ஆள்வோர் இனத்தவர் ஒருவர் இளையவராக நின்ற இம்முறைவைப்பே சமாதானம் என்னும் சொல்லின் உறவுப்பொருளுக்கு விளக்கமாகிறது. திராவிடக் கோயிற்கலை மரபில் எழுந்த செபாலயமும், நோயாளிகளுக்கான மருத்துவமனையும் அங்கே ஒரே வளாகத்தில் அமைந்தன. 'ஆசிரமம்' என்னும் வடசொல்லின் வேர் உழைப்பைக் குறிப்பது. ஒதுங்கி ஓய்வதைக் குறிப்பதன்று.

1932இல் சென்னையில் அந்நியத்துணி மறியல் நடைபெற்ற பகுதியில், கதராடை அணிந்திருந்த பேட்டனைக் காவல்துறையினர் தடியால் அடித்தனர். ஆசிரமத்தின் அமைதி அவரை அடியிலிருந்து காக்கவில்லை. அவ்வமைதி அவரை அடிபடுவோர் பக்கத்தில் கொண்டு நிறுத்தியது எனலாம்.

சொல்லுக்கு ஒரு சோதனை

2015 ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் எனக் கூறி இருபது தமிழகத் தொழிலாளர்கள் காவல்துறையினரால் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்களுள் ஜவ்வாது மலைப் பழங்குடியினரும் இருந்தனர். இம்மலையின் அடிவாரத்தில் நின்று ஆறுதலைப் பற்றிப் பேசும் எந்தச் சமயமும், எந்த இலக்கியமும் இவ்விழப்பை விலக்கிவிட்டுப் பேச இயலாது. கணவனையோ மகனையோ இழந்தவரிடம் 'அமைதி கொள்க' என்பது அடங்கியிரு என்று கூறுவதாகவும் ஒலிக்கக்கூடும். சமாதானம் என்னும் சொல் அவ்வாறு ஒலிப்பதில்லை. 'ஏன்?' என்னும் கேள்விக்கு விடை கிடைக்கும்வரை அச்சொல்லின் பொருள் நிறைவடைவதில்லை. ஆறுதலும் நீதியும் ஒரே சொல்லில் இணைந்திருக்க இயலும் என்பதற்கு இது சான்று.

முடிவுரை

நம்பிக்கை வழங்கும் அமைதியைத் துன்பத்தின் முடிவாகக் கொள்ளும் வாசிப்பு, இரட்சணிய யாத்திரிகத்தின் கட்டமைப்போடு பொருந்தவில்லை. அந்நூலில் அமைதி வழியிடையே கிடைப்பது. துன்புற்றவரின் வரலாற்றை அடித்தளமாகக் கொண்டது. மேலும் நடப்பதற்கு வலிமை தருவது. கிறிஸ்துகுல ஆசிரமத்தின் வரலாறும் இதனையே உறுதிசெய்கிறது. 'சமாதானம்' என்னும் பழைய சொல்லாட்சி வழக்கிழந்துவரும் இன்றைய சூழலில், அதனுள் உறையும் விடைகேட்கும் பொருளை இழந்துவிடாமல் காப்பது மொழிபெயர்ப்பாளர்க்கும் திறனாய்வாளர்க்கும் உரிய கடமையாகும். தமிழ்க் கிறித்தவ இலக்கியங்களில் இவ்விரு சொற்களின் ஆட்சியைக் காலவரிசைப்படி தொகுத்து ஆராய்வது அடுத்த நிலை ஆய்வுக்கு வழிவகுக்கும்.