மதநீரும் பனிக்குடநீரும்

திருவாசகத்துப் போற்றித் திருவகவல், கருவானது திங்கள்தோறும் தப்பிப் பிழைக்கும் இடையூறுகளை நிரல்படக் கூறுகின்றது. மூன்றாந் திங்களுக்கு அடிகள் ஆண்ட 'மதம்' என்னும் சொல்லுக்குத் தாய்வயிற்றிற் பெருகும் மதநீர் என உரை எழுதுவர். நான்காந் திங்களின் இருளும் அந்நீர் நிறைவால் விளைந்ததே என்பர். இவ்வுரையைக் கண்டோர், கருப்பையில் நீர் மிகும் நோயை அடிகள் அறிந்திருந்தார் என முடிவு கட்டுதல் எளிது. அம்முடிபு பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

பொருந்தாமைக்கு முதற்காரணம் திங்கட்கணக்கு. பன்னிரண்டாம் வாரத்திற் பனிக்குடத்துள் இருக்கும் நீர் ஏறத்தாழ 50 மில்லிலிட்டரே. 34ஆம் வாரத்தளவில் அது 800 மில்லிலிட்டர் அளவை எட்டிப் பின்னர்க் குறையும். மிகைநீரோ பெரும்பாலும் ஐந்தாந் திங்கட்குப் பின்னரே புலனாவது. நூற்றுவருள் ஒருவர் இருவர்க்கே நேர்வது. அன்றியும், மதம் என்பதற்கு மிகுதி, செருக்கு முதலிய பொருள்களும் உள. உரைகாரர் நீர் என்று கொண்டது யானைமதத்தின் வழிவந்த பொருளாகலாம் என யாம் கருதுகின்றோம். உரை இனியதே, ஆயினும் நோய்க்குறிப்புக்குச் சான்றாகாது.

ஆயுர்வேத மூலநூல்களில் இந்நோய் எங்ஙனம் நிற்கின்றது? சரக சங்கிதை, கரு வளராது குன்றும் நிலைகளுக்கு உபவிஷ்டகம், நாகோதரம் எனப் பெயரிட்டு விரித்துரைக்கின்றது. மிகைக்கு அத்தகைய விரிவு இல்லை. சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானம் 15ஆம் இயலில், கரு மிகின் வயிறு பெருக்கும், வியர்வை தோன்றும் என ஒரு சிறு குறிப்பு உண்டு. இக்கால ஆயுர்வேத மகப்பேற்று நூலார் இந்நிலைக்குக் கர்ப்போதக விருத்தி என்றாற்போலப் பெயர் அமைத்து, அக்குறிப்பைச் சான்று காட்டுவர். பெயர் அமைத்ததைக் குறைகூற இடமில்லை. அதனைத் தொன்மையான நோய்ப்பெயர் என்று மாணாக்கர்க்குக் காட்டுவதே தவறு.

பண்டுவமுறையிலும் ஒரு சிக்கல் உளது. அதே சுசுருத இயல், மிகுந்தவற்றைக் கழித்தும் குறைத்தும் சமன்செய்க என்று கூறி, அக்குறைப்பும் தேய்வில் முடியலாகாது என்று வரம்பு கட்டுகின்றது. சரகரோ சாரீரத்தானத்தில், கருவுற்றாளை விளிம்புவரை எண்ணெய் நிறைந்த கலத்தைத் தளும்பாமற் கொண்டுசெல்வார்போலப் பேணுக என்பர். வாந்தி, பேதி முதலிய கழிப்புமுறைகளை உயிர்க்கேடு நேரும் நிலையன்றி விலக்குவர். ஒருவர் குறைக்கச் சொல்ல, மற்றொருவர் அசைக்காதே என்கின்றார். இடையில் மருத்துவன் நிற்கும் இடம் மிகக் குறுகியது. தமிழில் எழுதுவோர் இதனை விளக்காது, மூக்கிரட்டை, நெருஞ்சில் என மூலிகைகளை அடுக்கி அமைவராயின் நூல் அரைகுறையாகும்.

இக்குறை ஏட்டளவில் நிற்பதன்று. போடிநாயக்கனூர், கிழக்கிலிருந்து சித்த மருத்துவமும் மேற்கிலிருந்து மலையாள நாட்டு ஆயுர்வேதமும் வந்து சேரும் எல்லையூர். ஊரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த மகளிர் ஜீப்பில் போடிமெட்டைக் கடந்து, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களிற் களையெடுக்கவும் காய் பறிக்கவும் செல்கின்றனர். தமிழ்நாட்டு மகளிர் பேச்சிற் கால் வீங்கினால் 'நீர் கோத்திருக்கிறது'. சிறுநீர் எரிந்தால் 'நீர்க்கடுப்பு'. ஸ்கேன் பார்த்து வந்தால் 'தண்ணீர் அதிகம்'. மூன்றும் நீரே. முதலிரண்டிற்கும் நெருஞ்சிற் குடிநீர் வழிவழி வந்தது. மூன்றாவதற்கும் அதனையே காய்ச்சிக் கொடுப்பது சொல் விளைத்த மயக்கமாம். ஏனெனில், சூலின் பிற்பாதியிற் பனிக்குடநீர் பெரும்பாலும் சேயின் சிறுநீரே. சேய் அதனை விழுங்கி அளவு காக்கின்றது. தாய்க்குச் சர்க்கரை மிகினும், சேயின் உணவுக்குழல் அடைபட்டிருப்பினும் அவ்வளவு பிறழும். பலர்க்குக் காரணமே புலப்படுவதில்லை. தாயின் சிறுநீரைப் பெருக்குவதால் இப்பிறழ்ச்சி தீராது. பனிக்குடம் திடீரென உடையின் கொப்பூழ்க்கொடி முன்னே சரியலாம். பேற்றின் பின் குருதி பெருகலாம். கொண்டையூசி வளைவுகள் நிறைந்த அம்மலைச்சாலையிற் சரகரின் எண்ணெய்க்கலம் வெறும் உவமையாகத் தோன்றவில்லை.

அம்மலையில் விளையும் ஏலத்தைச் சரகர் மூச்சிரைப்பு நீக்கும் பத்துப் பொருள்களுள் ஒன்றாக வைத்தார். மிகைநீர் உற்றவளும் மூச்சுத் திணறுவாள். ஆயின் அவள் திணறல், பெருத்த கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் வருவது. ஏலப்பால் வாய்க்கு இனிதாம். அத்தள்ளலை அது மாற்றாது.

திருவாசக உரையில் மதநீர் மதநீராகவே நிற்க. ஆயுர்வேதத்தைத் தமிழில் எழுதுவோர் இந்நிலையைப் 'பனிக்குடநீர் மிகை' என எழுதின், காலில் கோத்த நீரினின்று இது வேறென்பது பெயரிலேயே விளங்கும். தாயின் சர்க்கரையையும் சேயின் நிலையையும் மருத்துவமனையில் ஆராய்ந்தறிய வேண்டும் என்பதை முதற்கண் கூறி, மூலிகைப் பட்டியலை அதன்பின் வைத்தல் வேண்டும்.